பாட்டு நடக்கும் நாளே பயண நாள்



சில மாதங்களாக நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது. மகனோ மகளோ ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வேலை பார்க்கிறார்கள். வரும் கோடையில் அப்பா அம்மாவை அங்கே கூப்பிட்டிருக்கிறார்கள். ஈஃபிள் கோபுரத்தையும் சுவிஸ் மலையையும் பிள்ளைகளே காட்டிவிடுவார்கள். அங்கே நல்ல சங்கீதம் கேட்க வழி உண்டா, ஓபரா என்கிறார்களே, அதில் நம்மைப் போன்றவர்கள் போய் உட்கார முடியுமா என்பதுதான் கேள்வி. காரிமங்கலம் பக்கத்திலிருந்து எழுதிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பாஷை தெரியாமல் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன விளங்கும் என்றும், பட்டுப்புடவை கட்டிப் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா என்றும் கேட்டிருக்கிறார்.

2025 மார்ச் 8-க்குப் பிறகு இத்தகைய கடிதங்கள் கூடியிருக்கின்றன. அன்றுதான் லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. பண்ணைபுரத்துக்காரர் எழுதிய இசையை ஐரோப்பிய வாத்தியக்காரர்கள் தாளைப் பார்த்து வாசிக்க, நம் மக்கள் அரங்கில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த ஒரு மாலைக்காகவே டிக்கெட் எடுத்து லண்டனுக்குப் பயணப்பட்ட தமிழர்கள் உண்டு. 'அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் நாம் எங்கே' என்ற தயக்கம் அன்றைக்குப் பல வீடுகளில் தளர்ந்துபோனது. அதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். அதனால்தான் தனித்தனியாகப் பதில் எழுதாமல் இந்தப் பக்கத்தையே அதற்குக் கொடுத்துவிட்டேன்.

என் பதில் ஒன்றுதான். தாராளமாகப் போகலாம், ஆனால் ஊர்களை முதலில் முடிவு செய்யாதீர்கள். எந்த ராத்திரி எந்த அரங்கில் என்ன பாடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவற்றுக்கு நடுவே ஊர்களையும் ரயில்களையும் பொருத்துங்கள். போன இடத்தில் ஏதாவது கச்சேரி இருந்தால் பார்க்கலாம் என்று கிளம்பினால், நீங்கள் இறங்கும் அன்றைக்கு அரங்கு பூட்டியிருக்கும், அல்லது இருக்கும் ஒரே டிக்கெட் உங்கள் ஒரு மாதப் பென்ஷனைக் கேட்கும்.

இப்படிப் பயணப்படுவதை நம் தருமபுரி மாவட்டத்தில் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அரூர், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் திரௌபதி அம்மன் கோயிலிலோ தர்மராஜர் கோயிலிலோ பாரதம் வைத்தால், முதலில் கைக்கு வருவது நோட்டீஸ். பகலில் என்ன பிரசங்கம், ராத்திரி என்ன கூத்து என்று அதில் நாள்வாரியாக அச்சிட்டிருக்கும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், சூது துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். பெங்களூருவில் கட்டட வேலைக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் போயிருக்கும் பிள்ளைகள் அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் லீவு சொல்கிறார்கள். எல்லா ராத்திரிக்கும் வர முடியாதவர் அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நாளுக்கு வருவார். அதற்கும் முடியாதவர் படுகளத்தன்று விடியற்காலை முதல் பஸ்ஸிலாவது வந்து, மண்ணில் படுத்திருக்கும் துரியோதனன் உருவத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் சேர்ந்துகொள்வார். வியன்னா போகிறவரும் செய்ய வேண்டியது இதைத்தான்.

ஒற்றுமை தேதியோடு நிற்கவில்லை. ஓபரா என்பதே பாடி நடிக்கும் நாடகம்தான். பழைய கிரேக்கர்கள் தங்கள் நாடகங்களைப் பாடித்தான் நடித்திருப்பார்கள் என்று நம்பிய ஒரு கூட்டம், 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் புராணக் கதைகளைப் பாட்டாக மேடையேற்றத் தொடங்கியது. 1607-ல் மான்டுவா அரண்மனையில் மொன்டவெர்டியின் 'ஓர்ஃபியோ' நடந்தது. பாம்பு கடித்து இறந்த மனைவியைத் தேடி மரண உலகத்துக்கே பாடிக்கொண்டு போகும் கணவனின் கதை அது. சாவித்திரி கதை கேட்டு வளர்ந்த நமக்கு அதில் விளங்காதது என்ன இருக்கிறது? 1637-ல் வெனிஸில், காசு கொடுத்தால் யாரும் உள்ளே போகலாம் என்ற முதல் ஓபரா அரங்கு திறந்தது. அரண்மனைக்குள் இருந்தது அன்றைக்கே கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. அதைக் கனவான்களுக்கு மட்டுமான கலை என்று நினைத்துத் தயங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூத்து மேடையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டு பேர் திரை பிடித்திருக்கிறார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் கிளம்புகிறது. முகவீணை அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே ஏறுகிறது. மிருதங்கமும் தாளமும் சேர்ந்த பிறகு சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கிறது. திரை விலகும்போது, லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டையும் மார்ப்பதக்கமுமாகத் துரியோதனன் சுழன்று வருகிறான். வந்ததும் கதையைச் சொல்லிவிடுவதில்லை. தான் யார், தன் பெருமை என்ன என்று தருவில் பாடி, கட்டியக்காரனோடு வசனத்தில் பேசி, மறுபடி பாடி, நிதானமாகத்தான் விஷயத்துக்கு வருகிறான். யாரும் அவசரப்படுவதில்லை, கதைதான் எல்லோருக்கும் தெரியுமே. துரியோதனன் தோற்பான் என்று தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். இன்றைக்கு இவர் அதை எப்படிப் பாடுகிறார் என்பதுதான் கேள்வி.

ஓபரா பார்க்கவும் இந்தப் பக்குவம்தான் வேண்டும். அங்கேயும் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவான ஒரு நடையில் கதையை நகர்த்துவார்கள். உணர்ச்சி முற்றும் இடத்தில் கதை நின்றுவிடும், பாட்டு தொடங்கும். செத்துக்கொண்டிருக்கும் கதாநாயகி பத்து நிமிடம் பாடுவாள். சினிமா மட்டுமே பார்த்தவருக்கு அது விசித்திரமாகத் தெரியலாம். கர்ண மோட்சத்தில் அம்பு தைத்துக் கிடக்கும் கர்ணன் பாடும் பாட்டில் கண் கலங்கியவருக்கு அப்படித் தெரியாது. பாடகர்கள் மைக் வைத்துக்கொள்வதில்லை. எழுபது எண்பது வாத்தியங்களுக்கு மேலே குரல் எழும்பி, கடைசி வரிசைக்கும் போய்ச் சேர வேண்டும். மைக் வராத காலத்தில் நம் கூத்து வாத்தியார்கள் பாடிய பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் ஸ்திரீபார்ட் கட்டுவது நமக்குப் பழக்கம். அங்கே மோட்ஸார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' ஓபராவில் செருபீனோ என்ற பையன் வேஷத்தைப் பெண்தான் கட்டிப் பாடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பைராய்ட் என்ற சிறிய ஊரில், தன் ஓபராக்களுக்கென்றே ரிச்சர்ட் வாக்னர் ஓர் அரங்கு கட்டி 1876-ல் திறந்தார். அங்கே நடக்கும் 'நீபெலுங்கின் மோதிரம்' நான்கு ராத்திரி தொடரும் ஒரே கதை. கூட்டினால் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம். தேவர்கள், சாபம் பிடித்த தங்கம், அண்ணன் தம்பிப் பகை, கடைசியில் எல்லாவற்றையும் விழுங்கும் தீ. அதைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள், டிக்கெட் கிடைக்க நெடுநாள் காத்திருந்தவர்கள் உண்டு. அதைவிட நீளமான கதையை அதைவிடக் கூடுதலான ராத்திரிகளில், டிக்கெட்டே இல்லாமல், பந்தலடியில் பாய் விரித்து நாம் பார்த்து வருகிறோம். 1985 ஜூலையில் பிரான்சின் அவினியோன் விழாவில் நாடக இயக்குநர் பீட்டர் புரூக் ஒரு பழைய கல் குவாரியில் மகாபாரதத்தை மேடையேற்றினார். ஒன்பது மணி நேரம். ராத்திரி தொடங்கி விடியும்வரை முழுக் கதையையும் நடத்திய நாட்களும் உண்டு. பார்த்தவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். பாரதத்தை விடிய விடிய பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை ஐரோப்பா அன்றைக்கு அறிந்துகொண்டது.

சரி, எப்போது போவது?

பெரிய ஓபரா அரங்குகள் பெரும்பாலும் செப்டம்பரில் திறந்து ஜூன் முடிய நடக்கும். ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை. இது தெரியாமல் ஆகஸ்டில் போய் வியன்னா ஓபராவின் பூட்டிய கதவுக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் ஏராளம். நம் ஊர்ப் பெற்றோர் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை போகிறார்கள். அது நல்ல காலம். அரங்குகள் எல்லாம் திறந்திருக்கும், குளிரும் தணிந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் விழாக்களைத் தேடுங்கள். ஆஸ்திரியாவில் மோட்ஸார்ட் பிறந்த ஊரான சால்ஸ்பர்க்கில் 1920 முதல் ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் விழா நடக்கிறது. டிக்கெட் விலை மிக அதிகம், ஆனால் கபிடெல்பிளாட்ஸ் என்ற சதுக்கத்தில் பெரிய திரை கட்டி ராத்திரியில் ஓபராக்களை இலவசமாகக் காட்டுவார்கள். லண்டனில் 1895 முதல் நடக்கும் ப்ராம்ஸ் கச்சேரிகள் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை. ராயல் ஆல்பர்ட் ஹாலில் நின்று கேட்க எட்டுப் பவுண்டு அளவில்தான் டிக்கெட். டிசம்பரில் போகிறவர்களுக்கு மிலான் நகரத்து லா ஸ்காலா. 1778-ல் கட்டிய அந்த அரங்கின் பருவம் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று, அந்த ஊரின் காவல் புனிதரான அம்புரோஸின் நாளில் தொடங்கும். அந்தத் தேதி மாறுவதில்லை.

கோடையில் ஒரே ஓர் இடம்தான் என்றால் என் மனம் இத்தாலியின் வெரோனாவுக்குத்தான் போகும். ரோமானியர்கள் கட்டிய நீள்வட்டக் கல் அரங்கம், இரண்டாயிரம் ஆண்டை நெருங்குகிறது. வெர்டி பிறந்த நூற்றாண்டுக்காக 1913-ல் அங்கே 'ஐடா' நடத்தினார்கள். அதிலிருந்து போர்க் காலங்கள் நீங்கலாகக் கோடைதோறும் ஓபராதான். கல் படியில் உட்கார்ந்தால் டிக்கெட் மலிவு. வெயில் குடித்த கல் ராத்திரியிலும் கதகதப்பாக இருக்கும், ஒரு துண்டோ சின்ன மெத்தையோ கொண்டுபோங்கள். இருட்டியதும் படிகளில் இருப்பவர்கள் ஆளுக்கொரு சின்ன மெழுகுவத்தி ஏற்றுவது அங்கே வழக்கம். ராத்திரி ஒன்பதைத் தாண்டி ஆரம்பித்தால் முடியும்போது நள்ளிரவு கடந்திருக்கும். மேலே திறந்த வானம், கீழே கைக்குழந்தையோடு வந்த குடும்பங்கள், இடைவேளையில் ஐஸ்கிரீம் விற்பவர்கள். மழை வந்தால் வாத்தியக்காரர்கள் முதலில் வயலினைத்தான் காப்பாற்றுவார்கள். நம் ஊர்க் கூத்துக் களத்தில் இருந்தவர்களுக்கு அங்கே எதுவும் அந்நியமாகத் தெரியாது.

மே, ஜூனில் போகிறவர்களுக்கு ஒரு வழித்தடம் சொல்கிறேன். பெங்களூருவிலிருந்து ஃப்ராங்ஃபர்ட்டுக்கு நேர் விமானம் உண்டு. அங்கிருந்து மூன்று மணி நேர ரயிலில் லைப்சிக். இசையமைப்பாளர் பாக் 1723 முதல் 1750-ல் இறக்கும்வரை வேலை பார்த்த தாமஸ் தேவாலயம் அங்கே இருக்கிறது. அவர் கல்லறையும் அதற்குள்தான். 1212-ல் தொடங்கிய சிறுவர் பாடகர் குழு இன்றும் பாடுகிறது. பள்ளி விடுமுறை நீங்கலாக, வெள்ளிக்கிழமை மாலையும் சனிக்கிழமை பிற்பகலும் அவர்கள் பாடுவதைச் சொற்பக் காசுக்குக் கேட்கலாம். ஜூனில் பாக் விழாவும் உண்டு. ஐரோப்பிய சங்கீதத்துக்குப் புதியவர்கள் இங்கிருந்து தொடங்குங்கள் என்பது என் அழுத்தமான யோசனை. ஒரு மணி நேரம்தான், பையன்களின் குரல், கல் சுவர், வேறு எதுவும் தேவையில்லை.

லைப்சிக்கிலிருந்து டிரெஸ்டன் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்குள்ள செம்பர் ஓபரா 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் நொறுங்கி, நாற்பதாவது நினைவு நாளான 1985 பிப்ரவரி 13 அன்று மறுபடி திறந்தது. அங்கிருந்து ஆற்றங்கரையோடு ஓடும் ரயிலில் பிராக். மோட்ஸார்ட்டின் 'டான் ஜொவானி' முதலில் நடந்தது இந்த ஊரின் எஸ்டேட்ஸ் தியேட்டரில், 1787 அக்டோபர் 29 அன்று. அந்த அரங்கு இன்றும் இருக்கிறது, அதே ஓபராவை அதே மேடையில் கேட்க முடியும். செக் இசையமைப்பாளர் ஸ்மெதானாவின் நினைவு நாளான மே 12 அன்று 'பிராக் வசந்தம்' என்ற இசை விழா தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை நடக்கும். பிராக்கிலிருந்து நாலு மணி நேரத்தில் வியன்னா.

வியன்னாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1869-ல் திறந்த அரசு ஓபரா அரங்கில் பருவ காலத்தில் ஏறக்குறைய தினமும் நிகழ்ச்சி உண்டு, நாளுக்கொரு ஓபரா. நின்று பார்ப்பதற்கென்றே நானூறுக்கு மேல் இடம் வைத்திருக்கிறார்கள். அன்றன்றைக்கு விற்கும் அந்த டிக்கெட் பத்திலிருந்து இருபது யூரோவுக்குள் முடிந்துவிடும். பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர் அதைப் போலப் பல மடங்கு கொடுத்திருப்பார், கேட்பது ஒரே குரலைத்தான். இடம் பிடித்ததும் முன்னாலுள்ள கம்பியில் ஒரு கைக்குட்டையோ துப்பட்டாவோ கட்டிவிட்டு வெளியே போய் வரலாம். கட்டிய துணியை யாரும் அவிழ்ப்பதில்லை, அது அந்த ஊர் ஒழுங்கு. பொழுது சாய்வதற்குள் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் நம் ஊர்ப் பாட்டிமார்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நிற்க வேண்டாம், மேல் மாடத்தில் உட்காரும் இடங்களே மலிவாகக் கிடைக்கும். மேடை கொஞ்சம் மறையும், பாட்டு மறையாது. ஏப்ரல் முதல் ஜூன் வரையும் செப்டம்பரிலும் பல நாட்கள் அரங்குக்கு வெளியே பெரிய திரையில் உள்ளே நடப்பதை அப்போதே இலவசமாகக் காட்டுகிறார்கள், நாற்காலியும் போட்டிருப்பார்கள். வயதானவர்களுக்கு அது மிக நல்ல வழி. தெருவில் மோட்ஸார்ட் மாதிரி வேஷம் கட்டி டிக்கெட் விற்பவர்களைப் பார்ப்பீர்கள். அவை சுற்றுலாக்காரர்களுக்கான கச்சேரிகள். வேறு வழி இருக்கும்போது அதில் காசைப் போட வேண்டாம்.

வியன்னாவில் ஒரு காலைப் பொழுதை மத்திய கல்லறைத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் ஆகிய இசை மேதைகள் மூவரும் அக்கம்பக்கமாகத் துயில்கிறார்கள். திருவையாற்றில் காவிரிக் கரையில் நின்றவர்களுக்கு அந்த இடம் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தியாகராஜர் பிறந்தது 1767-ல், பீத்தோவன் 1770-ல். அதே காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், நோட்டு ஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகள் பாடுகிறார்கள். அவர் தம்பி பாலுசுவாமி வயலினையே நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். நமக்கும் அவர்களுக்கும் காது பழக்கம் இருநூறு ஆண்டுக்கு மேல் பழையது.

முதல் ஓபராவாக எதைத் தேர்ந்தெடுப்பது? மோட்ஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' என்று தயங்காமல் சொல்வேன். 1791-ல் வியன்னாவின் புறநகர் நாடகக் கொட்டகையில், சாதாரண ஜனங்களுக்காக எழுதியது. பாட்டுக்கு நடுவே வசனம் வரும். பறவை பிடிக்கும் பாபகேனோ என்ற பாத்திரம் நம் கட்டியக்காரனுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அடுத்தது புச்சினியின் 'லா போயெம்', கதை சிறியது, ஏழைகளின் காதல், அழாமல் வர முடியாது. வாக்னரை முதல் பயணத்தில் தொட வேண்டாம், அது இரண்டாவது பயணத்துக்குக் காத்திருக்கட்டும். எதைப் பார்க்கப் போனாலும் கதையை முன்னாலேயே படித்துவிடுங்கள். முக்கியமான பாட்டுகளை யூடியூபில் நாலைந்து முறை கேட்டு வையுங்கள். வியன்னாவில் ஒவ்வோர் இருக்கையின் முன்னும் சின்னத் திரையில் ஆங்கிலத்தில் வரிகள் ஓடும், அது துணைக்குத்தான். கூத்துக்குப் போகிறவர் பாரதக் கதையைத் தெரிந்துகொண்டு போவது போல, கதையோடு போகிறவருக்குத்தான் பாட்டு முழுதாகக் கிடைக்கும். போவதற்கு முன் ஒரு முறை நேரில் கேட்க வேண்டுமென்றால் நமக்கு பெங்களூரு பக்கம். 1987 முதல் இயங்கும் பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக் போன்ற இடங்களில் மேற்கத்திய சங்கீதக் கச்சேரிகள் நடக்கின்றன. மும்பையில் 2006 முதல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது.

விசா காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிப் பதினைந்து நாளுக்குள் விண்ணப்பிக்க முடியாது. முப்பதாயிரம் யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரிட்டனுக்கு அந்த விசா செல்லாது, தனியாக வாங்க வேண்டும். ஆகவே லண்டனையும் வியன்னாவையும் ஒரே மூச்சில் போடுகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள். இரண்டு ராத்திரிக் கச்சேரிக்கு நடுவே ஒரு ராத்திரி சும்மா இருங்கள். கோடையில் அவர்கள் நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். அங்கே ஏழு மணிக்குத் திரை தூக்கும்போது உங்கள் உடம்புக்கு ராத்திரி பத்தரை. இறங்கிய அன்றைக்கே நாலு மணி நேர ஓபராவுக்கு டிக்கெட் போட்டால் அரங்கில் குறட்டைதான் கேட்கும். கடைசி ரயில், கடைசி டிராம் எத்தனை மணிக்கு என்று மதியமே பார்த்து வையுங்கள்.

நேரம் தவறக் கூடாது. ஆரம்பித்துவிட்டால் இடைவேளை வரை உள்ளே விடமாட்டார்கள். மேல்கோட்டையும் பெரிய பையையும் வாசலில் ஒப்படைக்க வேண்டும். சிம்பொனியில் ஒரு பகுதி முடிந்து நிசப்தம் வந்தால் கை தட்டாதீர்கள், எல்லாப் பகுதியும் முடிந்த பிறகுதான் தட்டுவார்கள். ஓபராவில் அப்படியில்லை, நல்ல பாட்டு முடிந்ததும் 'பிராவோ' என்று கத்தவே செய்வார்கள். சாப்பாட்டை முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள், இடைவேளையில் கிடைப்பது சின்ன ரொட்டியும் பானமும்தான். அந்த ஆசிரியை அம்மாவுக்கு: பட்டுப்புடவையே கட்டிக்கொண்டு போங்கள். அந்த அரங்கில் அதைவிட மரியாதையான உடை இருக்க முடியாது. நிச்சயம் பார்ப்பார்கள், ஆசையோடு பார்ப்பார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். வியன்னாவிலும் லைப்சிக்கிலும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறீர்கள். அடுத்த முறை நீங்கள் தருமபுரி வரும் தேதியைக் கூத்தை வைத்துக் குறியுங்கள். கிறிஸ்துமஸ் லீவில் வந்தால் ஒகேனக்கல் பார்க்கலாம், பாரதம் பார்க்க முடியாது. பங்குனி, சித்திரை, வைகாசியில் வர வேண்டும். தேதிகளை இணையத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஒவ்வோர் ஊரிலும் வருஷா வருஷம் வைப்பதில்லை. தர்மகர்த்தாவையோ, கூத்துக் குழுவான ஜமாவின் வாத்தியாரையோ, ஊரிலிருக்கும் மாமாவையோ கேட்டால் தெரியும். அர்ச்சுனன் தபசு, சூது துகில், பதினெட்டாம் போர் மூன்றில் ஒன்றாவது கிடைக்கிற மாதிரி வாருங்கள். அரை ராத்திரியில் எழுந்து போகாதீர்கள். ஒரு மணி வரை கூத்து பக்குவத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கும், மூன்று மணிக்குப் பிறகு நடப்பதுதான் அசல் கூத்து. சாயந்திரமே போனால், வேஷம் கட்டும் இடத்தில் பாய் மேல் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெயில் குழைத்த அரிதாரத்தைக் கைக்கண்ணாடி பார்த்துத் தீட்டிக்கொள்ளும் கலைஞர்களைப் பார்க்கலாம். கேட்டுவிட்டு உட்காருங்கள், மறுக்கமாட்டார்கள். உங்கள் வெளிநாட்டு நண்பர்களையும் கூட்டி வாருங்கள்.

அவர்கள் வருவது புதிதும் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த ரிச்சர்ட் ஃப்ராஸ்கா கூத்தைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தை 1990-ல் ஹவாய் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நெதர்லாந்துக்காரரான ஹன்னா டி ப்ரூயின் ஆராய்ச்சிக்கு வந்து, கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலை மணந்து, காஞ்சிபுரத்துப் பக்கமே தங்கிவிட்டார். 1990-ல் அங்கே தொடங்கிய கட்டைக்கூத்து சங்கம் அடுத்த தலைமுறைக்குக் கூத்தைச் சொல்லிக் கொடுத்தது. நமக்குப் பக்கத்தில், மேட்டூரை ஒட்டிய ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் 'மணல்வீடு' இதழ் சேலம், தருமபுரிக் கூத்துக் கலைஞர்களை விடாமல் எழுதிவருகிறது.

கலைஞர்களின் நிலையை நீங்கள் அறிவீர்கள். வியன்னாவில் வாத்தியக்காரர்களுக்கு அரசாங்கம் மாதச் சம்பளம் கொடுக்கிறது. நம் வாத்தியார் கூத்து இல்லாத மாதங்களில் கூலி வேலைக்குப் போகிறார். ஓர் ஊரில் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தால்தான் ஜமாவில் பதினைந்து வீட்டில் அடுப்பெரிகிறது. அங்கே ஒரு மாலைக்கு நூறு யூரோ கொடுக்கத் தயாராக இருக்கும் பிள்ளைகள், சொந்த ஊர்க் கூத்துக்கு ஒரு ராத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டால் அது பெரிய காரியம். பாரதம் நின்றுபோன ஊர்கள் சிலவற்றில் இப்படி நாலு பேர் சேர்ந்தால் மறுபடி கொடியேற்றலாம்.

நம்மால் முடிந்ததை நாம் இந்த ஆண்டே தொடங்குகிறோம். உங்கள் ஊரில் பாரதம் வைக்கிறார்கள் என்றால் நோட்டீஸ் அச்சானதும் ஒரு பிரதியை அலுவலகத்துக்கு அனுப்புங்கள், போனில் படம் பிடித்து அனுப்பினாலும் போதும். ஊர், கோயில், எந்த ராத்திரி எந்தக் கூத்து, ஜமாவின் பெயர், எந்த பஸ் நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்ற விவரங்கள் இருக்கட்டும். மாசி முடிவதற்குள் வருபவற்றைத் தொகுத்துப் பங்குனி இதழில் முழுப் பக்கமாகப் போடுகிறோம், பிந்தி வருபவை சித்திரையில் வரும். ஐரோப்பா போய் வந்தவர்களும் எந்த ஊரில் எதைக் கேட்டீர்கள், டிக்கெட்டுக்கு எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள், அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்